ஆறுமணி நடந்த நாலு கிலோமீட்டர்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கல்லூரியில் வைத்த பெயர் ஆறுமணி. இந்தக் கதை நடந்தவரை இருபத்திரண்டு வருஷம் அங்கே வேன் ஓட்டியிருந்தார். அத்தனை வருஷத்தில் விளக்கு வைக்கும் நேரம் தாண்டி ஒரு நாளும் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, சாவியை அலுவலகத்தில் மாட்டிவிட்டு ஐந்தே முக்காலுக்குச் சைக்கிளை எடுத்தாரென்றால், ஆறு மணிக்கு வீட்டு வாசலில் மணிச் சத்தம் கேட்கும்.

அவருக்கு இருட்டு என்றால் பயம். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆறடி உயரம், கை இரண்டும் உலக்கை மாதிரி, பஞ்சரான லாரி டயரைத் தனி ஆளாகக் கழற்றி மாட்டுவார். ஆனால் ராத்திரி கொல்லைப்பக்கம் போக வேண்டுமென்றால் அக்கா எழுந்து கூடவே போய்க் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். "இருக்கியா?" என்று உள்ளேயிருந்து கேட்பார். "இருக்கேன், நீங்க ஆகவேண்டியதைப் பாருங்க" என்பாள் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து இதே கதை.

ஏன் பயம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தேன் என்று என்னிடம் சொன்னார். பாம்பு துரத்தியது என்று தன் தம்பியிடம் சொல்லியிருந்தார். நானும் அந்தத் தம்பியும் ஒரு நாள் பேசிப் பார்த்ததில் இரண்டுமே பொய் என்று தெரிந்தது. கடைசியில் அக்காதான் உண்மையைச் சொன்னாள். காரணமே கிடையாதாம். பிறந்ததிலிருந்து அப்படித்தானாம். காரணம் இல்லாமல் பயப்படுகிறோமே என்ற வெட்கத்தில்தான் இத்தனை கதை.

கல்லூரி அலுவலகத்தில் இரவு வேலை வந்தால் அவர் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அக்காவுக்கு வராத வியாதி இல்லை. ஒரு கல்யாண வீட்டில் அலுவலக மேலாளர் அவளைப் பார்த்துவிட்டு, "இப்ப பரவாயில்லையாம்மா?" என்று தழுதழுத்த குரலில் கேட்டாராம். அக்கா அப்போது இரண்டாவது முறை சாப்பாட்டுப் பந்தியில் உட்காரப் போய்க்கொண்டிருந்தாள்.

கோடையில் மின்சாரம் போகும். தெருவே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறும். மல்லாந்து படுத்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டே தூங்குவது அக்காவுக்கு அவ்வளவு பிடிக்கும். மாமா மட்டும் கீழே ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு, வேர்வையில் குளித்துக் கிடப்பார். மேலே வாங்களேன் என்று அவள் கூப்பிடாத வருஷம் இல்லை. "வானத்துல என்ன இருக்கு? இருட்டுதான இருக்கு" என்பார்.

இருபத்திரண்டாவது வருஷம் மே மாதக் கடைசியில் அவர் மாட்டிக்கொண்டார்.

விலங்கியல் பேராசிரியை ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் மேடம், மாமாவுக்கும் மேடம். ஐம்பது தாண்டியவர், ஒல்லியான உடம்பு, நடை மட்டும் வேகம். கோடையில் நிலா இல்லாத ஓர் இரவில் ஊருக்கு வெளியே போய், இரவில் உலவும் பூச்சிகளையும் பறவைகளையும் எண்ணிக் குறித்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். நடுநடுவே தொலைநோக்கியில் நட்சத்திரமும் பார்ப்பார். ஆய்வு மாணவிகள் இரண்டு பேர் கூடப் போவார்கள். எப்போதும் வண்டி ஓட்டுகிற இன்னொரு டிரைவர் சிறுநீரகத்தில் கல் என்று மருத்துவமனையில் படுத்துவிட்டார். மாமா அக்காவின் அடுத்த வியாதியை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேடமே நேரில் வந்து கேட்டுவிட்டார்.

அவரிடம் முடியாது என்று சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. அதே கல்லூரியில் படித்த மாமாவின் மகள் மஞ்சள் காமாலையில் கிடந்து வருகைப்பதிவு குறைந்து, தேர்வு எழுத முடியாது என்று ஆனபோது, முதல்வர் அறை வாசலில் இரண்டு நாள் நின்று பேசி அனுமதி வாங்கித் தந்தவர் அவர். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

போகவேண்டிய இடம் ஒரு வறண்ட ஏரி. ஊரிலிருந்து முக்கால் மணி நேரம். கல் குவாரி ஒன்றைத் தாண்டி, வடக்கே மண்பாதையில் நாலு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். அந்திச் சூரியன் இடது பக்க ஜன்னலில் சுள்ளென்று அடித்தது. பக்கத்து இருக்கையில் இருந்த மேடம் கண் கூசாமலிருக்க ஒரு ஃபைலைக் குறுக்கே பிடித்துக்கொண்டே வந்தார். குவாரி தாண்டியதும் கைப்பேசியில் சிக்னல் போய்விட்டது. மாமா அதைப் பார்த்துவிட்டு இருக்கைக்குப் பக்கத்தில் போட்டார்.

ஏரிக்குள் வண்டியை நிறுத்தியதும் மேடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். வண்டி விளக்கு எதுவும் எரியக்கூடாது. வெளிச்சம் இருந்தால் நட்சத்திரமும் தெரியாது, பூச்சியும் சரியாக வராது. மாமா தலையாட்டினார். அவர்கள் மூவரும் நூறடி தள்ளிப்போய் இரண்டு கம்புக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி, அதன் பின்னால் பூச்சியை இழுக்க ஒரு சின்ன விளக்கை வைத்தார்கள். மாமா வண்டிக்குள் ஏறி நாலு கதவையும் பூட்டிக்கொண்டார்.

இருட்டு மெதுவாக வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அன்று பார்த்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் வந்து நின்றது. தெருவிளக்கு ஒன்றுகூட இல்லாத இருட்டை அவர் அதற்கு முன்னால் கண்டதே இல்லை. ஏழு மணிக்கு உள்விளக்கைப் போட்டார். கண்ணாடியில் தன் முகமே தெரிந்தது பயமாக இருந்ததால் வெளி விளக்கையும் போட்டார். வண்டி எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிறது, அவர்களுக்குத் தெரியாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். துணைக்கு ரேடியோ. விளக்கு வெளிச்சத்தில் புதருக்குள் இரண்டு கண் பச்சையாக மின்னி மறைந்தது. அதன் பிறகு விளக்கை அணைக்கக் கை போகவே இல்லை.

நடுவில் பெரிய மாணவி வந்து கண்ணாடியைத் தட்டியபோது அவர் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த குறிப்பேடு கீழே விழுந்தது. மேடம் கூப்பிடுகிறார், தொலைநோக்கியில் பார்க்க வாங்க என்றாள். அவர் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி, தலைவலி என்று சொல்லிவிட்டார். இறக்கிய கண்ணாடியை ஏற்ற மறந்துபோனதால் மேடம் பேசுவது காதில் விழுந்தது. தெற்கே பாருங்க, தேள் முழுசா மேலே வந்துடுச்சு, அந்தச் சிவப்பு நட்சத்திரம்தான் நெஞ்சு, அங்கிருந்து வால் கொக்கி மாதிரி வளைஞ்சு இறங்குது பாருங்க. மாமா தன்னை அறியாமல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். கொடுக்கும் வாலுமாக அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு கூசியது. குனிந்து உட்கார்ந்துகொண்டார்.

பதினொன்றே காலுக்கு ரேடியோ கரகரத்து நின்றது. விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, போய்விட்டது. பேட்டரி ஏற்கனவே பழசு. நாலு மணி நேரம் அதை உறிஞ்சித் தீர்த்திருந்தார். சாவியைத் திருகினால் டிக் டிக் என்று மட்டும் கேட்டது. அந்த இருட்டில் அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மாணவிகள் கத்தினார்கள்.

மேடத்தைத் தேள் கொட்டியிருந்தது. புற ஊதா வெளிச்சம் விழுந்தால் தேள் பச்சையாக ஒளிரும். அதற்கென்று ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். அதை வைத்துத் தேள்களை எண்ணிக்கொண்டிருந்த மேடம், எழுந்திருக்கக் கையை ஊன்றிய கல்லுக்குப் பக்கத்தில் எண்ணாத தேள் ஒன்று இருந்திருக்கிறது. மாமா கதவைத் திறந்து எப்படி அவ்வளவு தூரம் ஓடினார் என்பது அவருக்கே நினைவில்லை. போய்ப் பார்த்தபோது மேடத்துக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. இரண்டு முறை வாந்தி. கை ஐஸ் மாதிரி இருந்தது. "நாடி ரொம்ப ஓடுது, செந்தேள்னு நினைக்கிறேன்" என்று அவரே நிதானமாகச் சொன்னார். அந்த நிதானம்தான் மாமாவைக் கலக்கியது.

மாமாவும் மாணவிகள் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். மணலில் சக்கரம் புதைந்ததே தவிர நகரவில்லை. பக்கத்தில் உதவி என்றால் குவாரிதான். நாலு கிலோமீட்டர்.

சின்ன மாணவி, "நான் வரேன்ணே" என்றாள். மாமாவுக்கு அந்த வார்த்தை தேனாக இறங்கியது. ஆனால் அவள் வந்தால் இன்னொருத்தி மட்டும் மேடத்தோடு தனியாக இருக்க வேண்டும். மறுபடி வாந்தி வந்தால் புரட்டிப் பிடிக்க ஒரு ஆள், தண்ணீர் கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

"நீங்க ரெண்டு பேரும் மேடத்தை விட்டு நகரக்கூடாது. நான் போயிட்டு வரேன்" என்றார். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை என்று பிற்பாடு சொன்னார்.

ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதல் அரை கிலோமீட்டர் ஓட்டம்தான். ஓட ஓட, தன் காலடிச் சத்தமே யாரோ பின்னால் ஓடி வருகிற மாதிரி கேட்டது. நின்றால் அதுவும் நின்றது. செருப்புதான் படபடவென்று அடிக்கிறது என்று புரிந்து இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு வெறுங்காலில் தேள் நினைவு வந்தது. மறுபடி போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கழற்றினார்.

பாதை நடுவில் ஒரு தணல் துண்டு கிடந்தது. டார்ச் வெளிச்சத்தில் சிவப்பாகக் கனன்றது. பீடித் துண்டு என்று நினைத்து, மனிதர் யாரோ இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் பக்கத்தில் போனார். காலடியிலிருந்து தணல் எழுந்து சத்தமே இல்லாமல் அவர் முகத்தை உரசிப் பறந்தது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அது பக்கி என்ற பறவை, ராத்திரியில் பாதையில்தான் உட்காரும், அதன் கண்தான் அப்படிச் சிவக்கும் என்று மேடம் பிறகு சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு அது அவருக்குப் பறவை இல்லை. உட்கார்ந்த வேகத்தில் டார்ச் கல்லில் மோதி அணைந்தது. தட்டினார், குலுக்கினார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார். வரவில்லை. கைப்பேசி வண்டியில் கிடந்தது.

"அழுதேன் மாப்ள" என்று என்னிடம் சொன்னார். "சத்தம் போட்டு அழலை. சத்தம் போட்டா எதாவது வந்துடுமோன்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. கையை வாயிலிருந்து எடுத்தபோது அந்தக் கை தெரிந்தது. பிறகு முழங்கால் தெரிந்தது. பாதையின் மணல் வெளிறிப்போய் ஒரு வேட்டியை விரித்த மாதிரி முன்னால் நீண்டு கிடந்தது. டார்ச் இருந்தவரை அந்த வட்டத்துக்கு வெளியே எல்லாம் குழி மாதிரி கறுப்பாக இருந்தது. அது போன பிறகு மரம் மரமாகவும் புதர் புதராகவும் தெரிய ஆரம்பித்தது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தார். வானம் முழுக்க நட்சத்திரம் இறைந்து கிடந்தது. பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "எங்க போச்சு? பார்க்கிறதுக்கு இன்னும் நிறைய தெரிஞ்சதுல இன்னும் கொஞ்சம் கூடிச்சு" என்றார்.

எழுந்து நடந்தார். பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. வரும்போது அப்படி ஒரு பிரிவைக் கவனித்ததாக நினைவே இல்லை. இரண்டும் ஒரே அகலம், இரண்டிலும் வண்டித் தடம். தப்பான பாதையில் போனால் விடிய விடிய நடக்க வேண்டியதுதான், அங்கே மேடம் கதி என்ன ஆகும்? அப்போது மேடம் ஃபைலைப் பிடித்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. வெயில் இடது பக்கம். சூரியன் இறங்குவது மேற்கு. அப்படியென்றால் வண்டி வடக்கே வந்திருக்கிறது. திரும்பிப் போவது தெற்கு. தெற்கே பாருங்க என்று மேடம் சொன்னதும் கூடவே வந்தது. தலையைத் தூக்கித் தேடினார். இடது பாதையின் தலைக்கு மேலே, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து, அந்தத் தேள் தொங்கியது.

தேளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு தேள் கொட்டியதற்காக இன்னொரு தேளைப் பின்தொடர்ந்து போகிறோமே என்று அப்போதே தோன்றியதாம். சிரிப்பு வரவில்லை.

ஒரு முள்வேலி திருப்பத்தில் கலகலவென்று சத்தம். குச்சிக் கட்டை யாரோ உலுக்குகிற மாதிரி. பாதையின் குறுக்கே ஒரு கறுப்பு உருவம், அவருடைய முழங்கால் உயரம். அவரைக் கண்டதும் அது முதுகைக் காட்டித் திரும்பி, உடம்பை இரண்டு மடங்காக விரித்துக்கொண்டது. வெள்ளையும் கறுப்புமாக முள். முள்ளம்பன்றி என்று புத்தகத்தில் பார்த்திருந்தார். அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் குட்டையாக ஒன்று. குட்டி அவசரப்படாமல் எதையோ மோந்துகொண்டு நின்றது. சுற்றிப் போக இடமில்லை. இரண்டு பக்கமும் முள். கால் இரண்டும் தரையில் அறைந்த மாதிரி நின்றுவிட்டன.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், தெருவில் வழியை மறித்து நிற்கிறவர்களிடம் பேசுவது போல, ரொம்பத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"குட்டியைக் கூட்டிக்கிட்டு ஓரமாப் போயிடு. அங்க ஒரு உயிர் கிடக்கு. நான் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்."

பேச்சு புரிந்ததோ, மனித வாடை பிடிக்கவில்லையோ, பெரியது முள்ளை உலுக்கிக்கொண்டே வேலிக்குள் நுழைந்தது. மற்ற இரண்டும் பின்னாலேயே போயின. அந்தத் திருப்பத்தைத் தாண்டியதும் அவர் ஓடிய ஓட்டம் குவாரி விளக்கு தெரியும் வரை நிற்கவில்லை.

குவாரியில் ஒரு காவலாளி இருந்தார். தகரக் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தால், ஆள் நடமாட்டமே இல்லாத பக்கத்திலிருந்து, உடம்பெல்லாம் மண்ணோடு, இரண்டு கையிலும் செருப்போடு, ஆறடி உயரத்துக்கு ஒன்று ஓடி வருகிறது. அவர் கொட்டகைக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார். மாமா வெளியே தட்ட, அவர் உள்ளே கத்த, கொஞ்ச நேரம் இதுவே நடந்தது.

"யாருடா நீ?"

"டிரைவருங்க. காலேஜ் வேன் டிரைவர்."

"அந்தப் பக்கத்துல காலேஜே கிடையாது. போயிடு."

"அண்ணே, எனக்கும் பயமாத்தான் இருக்கு. கதவைத் திறங்க."

அதைக் கேட்டுத்தான் திறந்ததாகக் காவலாளி பிறகு சொன்னார். பேயோ திருடனோ தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு டிப்பர் லாரியில் டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் வண்டியைக் கிளப்பினார். காவலாளி மருத்துவமனைக்குப் போன் போட்டார். மாமா லாரியில் ஏறி மறுபடியும் அதே இருட்டுக்குள் போனார். ஏரியில் மாணவிகள் இரண்டு பேரும் மேடத்தை வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். ஒருத்தி அவர் தலையை மடியில் வைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். மேடத்துக்குப் பேச்சு குழறியது. லாரியின் முன் இருக்கையில் மாமா அவரை ஒரு குழந்தையைப் போல அணைத்துப் பிடித்துக்கொண்டார். பெரிய சாலை வந்ததும் எதிரே ஆம்புலன்ஸ் வந்தது. அப்போது மணி ஒன்றே முக்கால்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சை. விஷம் இதயத்தைத் தொட்டிருந்தது. மூன்றாம் நாள்தான் டாக்டர் இனி பயமில்லை என்றார். அந்த மூன்று நாளும் மாமா வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனை வராந்தாவிலேயே கிடந்தார். தன்னால்தான் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. பேட்டரி இருந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்து சேர்ந்திருக்கலாம். வேறு யாருக்கும் அது தெரியாது என்று நினைத்திருந்தார். பழைய பேட்டரி, செத்துவிட்டது என்று அலுவலகம் எழுதிக்கொண்டது. அப்படியே விட்டிருக்கலாம். வார்டுக்கு மாற்றிய அன்று உள்ளே போய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விளக்குப் போட்டது, ரேடியோ போட்டது, இருபத்திரண்டு வருஷமாகப் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னது உட்பட.

மேடம் தலையணையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெரியும்" என்றார். "அன்னைக்குப் பூச்சியெல்லாம் எங்க துணிக்கு வரவே இல்லை. எல்லாம் உங்க வண்டி விளக்கைத்தான் மொய்ச்சுது. வேலை முடிஞ்சதும் வந்து திட்டணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கொட்டிடுச்சு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"கோபம் இருக்கு," என்றார் மேடம். "ஆனா அந்தப் பாதையில நீங்க நடந்து போனது அதுக்கு மேல இருக்கு. உட்காருங்க. வழியில என்னென்ன பார்த்தீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல மேடம் பெரிய மாணவியை எழுதிக்கொள்ளச் சொன்னார். பக்கி ஒன்று. முள்ளம்பன்றி மூன்று, அதில் ஒன்று குட்டி. அந்த வருஷக் கணக்கில் அது ஏறியது. முள்ளம்பன்றிக் குட்டியை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்து எழுதியதில்லையாம்.

இதற்குப் பிறகு அவர் தைரியசாலி ஆகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. இன்றைக்கும் அக்கா கொல்லைப்பக்கம் கூடப் போய் நிற்கிறாள். ஆனால் அடுத்த கோடையில் மேடம் மறுபடி கிளம்பியபோது, மற்ற டிரைவர் கல்லெல்லாம் எடுத்துத் திடமாக இருந்தும், மாமா தானாகப் போய்ப் பெயர் கொடுத்தார். ஒரு நிபந்தனை: வீட்டுக்காரியும் வருவாள். அலுவலக மேலாளர், அவங்க உடம்பு தாங்குமா என்று கவலைப்பட்டார்.

அக்கா எட்டரை மணி வரை வானத்தைப் பார்த்தாள், ஒன்பது மணிக்குக் குறட்டை விட்டாள். மாமா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து, விளக்கு எதுவும் போடாமல், அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுச்சாமத்தில் எங்கிருந்தோ ஒரு விட்டில் பூச்சி வந்து அவர் முழங்காலில் உட்கார்ந்தது. உள்ளங்கை அகலம், இறக்கையில் இரண்டு கண் வரைந்த மாதிரி இருந்தது. அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. தட்டிவிடக் கை வரவில்லை.

"பயத்துலதான் தட்டலை மாப்ள, வேற ஒண்ணும் நினைச்சுக்காதே" என்றார் மறுநாள். "ஆனா அது இறக்கையை மெதுவா மூடும், திறக்கும், மூடும், திறக்கும். நானும் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். அரை மணி நேரம் இருக்கும். அது போனப்புறம் எந்திரிக்கலாம்னு பார்த்தா கால் மரத்துப்போச்சு. உங்கக்காவை எழுப்பித்தான் தூக்கிவிடச் சொன்னேன்."